'சரி' என்ற சொல்லுக்குத் தடை போட்டவர்

செய்தி எனக்கு நாற்பது நிமிடம் பிந்தித்தான் வந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலை, பெட்டி வெட்டும் இயந்திரத்தின் கம்பிக்கூண்டுக்குள் மல்லாந்து படுத்து, எரிந்துபோன ஒரு சென்சரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கூண்டுக்கு வெளியே பாரூக் வந்து நின்றது தெரிந்தது. எங்கள் மின்சாரப் பிரிவில் என்னோடு பல வருடமாக வேலை செய்பவர். இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் வாயை மூடி நிற்கத் தெரியாத ஆள், அன்றைக்கு ஒன்றுமே பேசாமல் நின்றார்.

"என்னா பாரூக்?"

"ஒன்னுமில்ல. நீங்க முடிச்சிட்டு வாங்க."

முடித்து வெளியே வந்தேன். மெயின் சுவிட்சில் தொங்கிய என் சிவப்பு ஆமைப்பூட்டைத் திறந்து கையில் எடுத்து, வழக்கம்போல உரக்கச் சொன்னேன்: "சிவகுமார். ஆமை கையில." அதைக் கேட்ட பிறகுதான் பாரூக் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"மேடம் போய்ட்டாங்க சிவா. ஒம்பது இருவதுக்கு. அவங்க தங்கச்சி கோல் எடுத்தாங்க."

நாற்பது நிமிடம் அந்தச் செய்தியை வாய்க்குள் அடைத்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார் மனிதர். இயந்திரத்துக்குள் இருப்பவனிடம் நல்லதோ கெட்டதோ எதையும் சொல்லக்கூடாது, அவன் பூட்டு அவன் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது மேடம் போட்ட சட்டம். அவருடைய சாவுச் செய்தியும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வெளியே நின்றது. கேட்டிருந்தால் மேடம் சந்தோஷப்பட்டிருப்பார். நான் சந்தோஷப்படவில்லை. கால்மாட்டில் இருந்த, ஸ்பானர்கள் போடும் ஆயுதப் பெட்டியை எட்டி உதைத்தேன். அது போய்ச் சுவரில் மோதிச் சிதறியது. பாரூக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

கண்டி மஹய்யாவவில் அவருடைய வீட்டுக்குப் போனபோது வாசலில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், "பாவம், சாந்தமான மனுசி." யாரைச் சொல்கிறார் என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. செத்தவர்களைப் பற்றி நல்லது சொல்ல வேண்டும்தான், அதற்காகப் பொய் சொல்லலாமா? எங்கள் மேடத்தைச் சாந்தமானவர் என்று நான் எழுதினால், எழும்பி வந்து என் கன்னத்தில் ஒன்று வைப்பார். ஏற்கனவே மூன்று வைத்தவர். அந்தக் கணக்கையும் இதில் சொல்லத்தான் போகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பெயர் கலைச்செல்வி. கண்டியிலிருந்து வத்தேகம போகும் வழியில், மலைச்சரிவை வெட்டிச் சமமாக்கிய இடத்தில் இருக்கிறது எங்கள் தொழிற்சாலை. அட்டைப்பெட்டி செய்கிறோம். ஒரு பக்கம் கடதாசிச் சுருள் உள்ளே போனால் மறுபக்கம் அடுக்கிக் கட்டிய பெட்டியாக வெளியே வரும். நடுவில் மனிதக் கை படுவதில்லை. உருளைகளும் வெட்டும் அச்சுகளும் தூக்கி அடுக்கும் இயந்திரக் கைகளும் தாமாகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். அவற்றுக்குள் ஓடும் மின்சாரத்துக்கும், அவற்றை நடத்தும் கட்டளைகளுக்கும் பொறுப்பான பிரிவு எங்களுடையது. பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரில் ஒருவராக, மற்றப் பத்துப் பேருக்கும் தலைவியாக இருந்தவர் கலைச்செல்வி மேடம்.

அவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'நானூறு'. பெரிய இயந்திரங்களுக்குப் போகும் மின்சாரத்தின் வோல்ட் அது. தொட்டால் உதறிவிட்டுப் போகாது, பிடித்துக்கொள்ளும். சிங்களப் பெடியன்கள் அதையே தங்கள் மொழியில் 'ஹாரசீய' என்பார்கள். அவருக்கு அது தெரியும். ஒருநாள் கன்டீனில் வைத்து, "நானூறு வருதுன்னு சொல்றவனுக்கு நானூறு எங்க குத்தும்னு தெரியுமா?" என்று கேட்டார். எல்லோரும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

மஹய்யாவவில் மாநகரசபைத் தொழிலாளி ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தவர். டெக்னிகல் கொலேஜில் படித்து, பகலில் வேலை செய்து கொண்டே பரீட்சை எழுதி இன்ஜினியர் ஆனவர். பழைய இயந்திரங்களைக் கழித்துவிட்டுத் தானியங்கி இயந்திரங்களை இறக்கிய வருடம் எங்களிடம் வந்தார். ஒரு பொம்பளையின் கீழ், அதுவும் மஹய்யாவ லயத்து வரிசைவீட்டிலிருந்து வந்தவரின் கீழ் வேலை செய்வதா என்று பிரிவில் பாதிப்பேர் முறுக்கிக்கொண்டு நின்றோம். நானும் லயத்தில் பிறந்தவன்தான், வத்தேகமப் பக்கத் தேயிலைத் தோட்டம். இருந்தாலும் எனக்கும் கொழுப்பு.

அவர் வந்த மூன்றாம் நாள், ஒரு கபாசிட்டரை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, "மேடம், இது பழுதா பாருங்க" என்று அவர் கையில் கொடுத்தேன். பார்த்தால் ஒரு பால்மாத் தகரப் பேணி மாதிரி அப்பாவியாக இருக்கும். தொட்டதும் அவர் ஒரு சத்தம் போட்டார், பின்னால் போய் அலுமாரியில் மோதி விழுந்தார். உதடு கிழிந்து இரத்தம் வந்தது. இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவர் எழும்பும்போதே என்னைத்தான் பார்த்துக்கொண்டு எழும்பினார்.

"யாரு சார்ஜ் ஏத்துனது?"

"நான்தான்."

"பேரு?"

"சிவகுமார்."

இரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னார், "நாளைலருந்து நீ என் பக்கத்துல வேல செய்ற. ஆளச் சாவடிக்கத் தெரிஞ்சவன் கண்ணுல படுற தூரத்துலயே இருக்கட்டும்." அன்றிலிருந்து நான் அவருடைய உதவி ஆள். பதவி உயர்வு அப்படித்தான் கிடைத்தது எனக்கு.

அவருடைய கோபம் ஒரேயொரு விடயத்தில்தான் கட்டுமீறிப் போகும். இயந்திரக் கூண்டுகளின் கதவில் ஒரு சுவிட்ச் உண்டு. கதவு திறந்தால் இயந்திரம் ஓடாது. உற்பத்திப் பிரிவுக்காரர்களுக்கு இது தொல்லை. சிக்கிய அட்டையை எடுக்கத் திறந்தால் எல்லாம் நின்றுபோகும், மறுபடி தொடங்கப் பத்து நிமிடம். அதனால் எங்களுக்குத் தெரியாமல் ஒரு துண்டுக் கம்பியைப் போட்டு அந்தச் சுவிட்சை ஏமாற்றிவிடுவார்கள். கதவு திறந்திருந்தாலும் மூடியிருக்கிறது என்று இயந்திரம் நினைத்துக்கொள்ளும். மேடம் அப்படி ஒரு கம்பியை முதல் தடவை கண்டபோது அதைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு நேரே உற்பத்தி மனேஜரின் அறைக்குப் போனார். "இது ஒரு சின்ன விசயம்தானே" என்று மனேஜர் சொல்லி வாய்மூடவில்லை, மேடத்தின் கையில் இருந்த மீட்டர் பறந்தது. மனேஜரின் மூக்குக்கண்ணாடி இரண்டாக உடைந்து, புருவத்தில் தையல் போட வேண்டி வந்தது. ஒரு வாரம் மேடத்தை வேலைக்கு வராதே என்று நிறுத்தி வைத்தார்கள். எட்டாம் நாள் வந்தார், முதல் வேலையாகக் கூண்டுக் கூண்டாகப் போய்க் கம்பி தேடினார். இரண்டு கிடைத்தது.

இனி நான் எழுத விரும்பாததை எழுத வேண்டும்.

ஒரு பிற்பகல், மழை. அவசர ஓடர். வெட்டும் இயந்திரத்தில் ஒரு சென்சர் வேலை செய்யவில்லை. நிமல் உள்ளே கையை விட்டு அதைத் திருத்திக்கொண்டிருந்தான். நிமல் வத்தேகமவுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துச் சிங்களவன், எங்கள் பிரிவில் எல்லோருக்கும் பிடித்தவன், என் வயது. நான் அவனிடமிருந்து நாற்பது அடி தள்ளி, பெனலுக்கு முன்னால் நின்றேன். நடுவில் மற்ற இயந்திரங்களின் இரைச்சல். சென்சர் வேலை செய்தால் என் பெனலில் ஒரு பச்சை விளக்கு எரியும். எரிந்ததா என்று அவன் என்னிடம் கேட்க வேண்டும், நான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சிங்களத்தில் 'ஹரி' என்றால் சரி. 'ஹரித' என்றால் சரியா. நிமல் "ஹரித?" என்று கத்தினான். இரைச்சல் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டது. எனக்கு வந்தது "ஹரி". முடித்துவிட்டான், வெளியே வந்துவிட்டான் என்று நினைத்தேன். நானும் "சரி" என்று கத்திவிட்டுப் பொத்தானை அமுக்கினேன்.

கதவு திறந்துதான் இருந்தது. சுவிட்சில் கம்பி இருந்தது. அந்தக் கம்பி மறுபடி ஏறியிருந்ததைக் காலையிலேயே நான் பார்த்தேன். ஓடர் அவசரம், பின்னேரம் கழற்றலாம் என்று விட்டுவிட்டேன். இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. மேடத்துக்கு மட்டும் சொன்னேன்.

அச்சுத் தட்டு இறங்கியது. அட்டையை வெட்டும்போது வரும் அதே சத்தம்தான் வந்தது, ஒரு வித்தியாசமும் இல்லை. அதற்குப் பிறகு வந்த சத்தம்தான் நிமலுடையது. அந்த மாதிரி ஒரு சத்தத்தை ஒரு மனிதன் போட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் பொத்தானில் வைத்த விரலை எடுக்காமலே நின்றேன். சிவப்புப் பொத்தானை அடித்து இயந்திரத்தை நிறுத்தியது நானில்லை. ஓபிஸிலிருந்து மேசைகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்த மேடம்.

இயந்திரம் நின்றது, ஆனால் தட்டு மேலே போகவில்லை. நிமலின் வலது கை முழங்கை வரை அதற்குள். கரண்ட் கொடுத்து உயர்த்தினால் இன்னொரு தடவை இறங்கிவிட்டுத்தான் ஏறும். மேடம் இரும்புப் பாரையைச் சக்கரத்தின் துளையில் செருகி, கையால் பின்பக்கம் சுற்றத் தொடங்கினார். பாரூக் மறுமுனையைப் பிடித்தார். பாரை வழுக்கி மேடத்தின் உள்ளங்கையைக் கிழித்தது. மறுபடி பிடித்தார். தரையெல்லாம் இரத்தம், யாருடையது எது என்று தெரியவில்லை. அட்டைத் தூள் அதில் ஒட்டிக் கூழாகக் கிடந்தது. தட்டு ஏறியதும் தன் இடுப்புப் பெல்ட்டை உருவி நிமலின் தோளுக்குக் கீழே இறுக்கினார். கை என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. "நிமல், என்னயப் பாரு, அங்கிட்டுப் பாக்காத" என்று தமிழில் கத்தினார். சிங்களம் அவருக்கு நன்றாக வரும், ஆனால் அந்த நேரத்தில் தமிழ்தான் வந்தது. நிமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மேடம் திரும்பி வந்தபோது நான் அதே பெனலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். எழும்பச் சொன்னார். கம்பியைக் காலையிலேயே கண்டேன் என்று சொன்னேன். அறைந்தார். கட்டுப்போட்ட கையாலேயே அறைந்தார். கட்டு நனைந்து என் கன்னத்தில் அவருடைய இரத்தம் ஒட்டியது. மூன்று. பிரிவு முழுதும் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு என் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, என் முகத்துக்குக் கிட்ட வந்து சொன்னார்:

"நீ கொலகாரன் இல்ல. ஆனா அமுக்குன வெரலு உன்னோடது. அத வேற ஒருத்தன் மேல போட்றாத. மெசின் மேலயும் போடாத."

அன்று பின்னேரமே நிமலின் ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். இரண்டு லொறியில், கையில் பொல்லும் மண்வெட்டிப் பிடியுமாக. நிமலின் அண்ணன் முன்னால். தமிழன் ஒருத்தன் வேண்டுமென்றே சுவிட்சைப் போட்டான் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். காவலாளி கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே ஓடிவந்தான். கல் விழத் தொடங்கியது. ஓபிஸ் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக நொறுங்கின. மனேஜர்கள் மேல்மாடிக்குப் போய்விட்டார்கள்.

மேடம் என்னைப் பெனல் அறைக்குள் தள்ளினார். நான் போகமாட்டேன் என்றேன், நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். "நீ போனா ஒன்னய அடிச்சுக் கொல்வானுங்க. அப்புறம் நம்ம ஆளுங்க போய் அவனுங்களக் கொல்வானுங்க. ஒரு சொல்லுக்கு எத்தன பேருடா சாகணும்?" என்றார். கதவைச் சாத்தி, தன் சாமான் அலுமாரியில் தொங்கிய ஆமைப்பூட்டை எடுத்து வெளியிலிருந்து பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கம்பிவலை ஜன்னலால் எனக்குக் கேட் தெரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை அந்த வலைக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தேன்.

கேட்டின் சின்னக் கதவைத் திறந்து தனியாக வெளியே போனார். நிமலின் அண்ணன் கத்தினான், "சுவிச் எக்க தெம்மே கவுத?" சுவிட்சைப் போட்டது யார்?

"மம" என்றார் மேடம். நான்தான்.

பொல்லு அவர் இடது தோளில் இறங்கியது. எலும்பு உடைந்தது பிறகுதான் தெரிந்தது. இன்னொரு பக்கத்திலிருந்து வந்த கல் நெற்றியில் பட்டது. ஒரு முழங்காலில் சாய்ந்தார், மறுபடி எழும்பினார். முகமெல்லாம் இரத்தம். நான் ஜன்னல் வலையைப் பிடித்து உலுக்கிக்கொண்டு கத்தினேன், அது யாருக்கும் கேட்டிருக்காது. மேடம் சிங்களத்தில் பேசியதைப் பிறகு பாரூக்தான் எனக்குச் சொன்னார்:

"இன்னும் அடி. ஆனா நல்லாக் கேளு. ஒன் தம்பி அங்க ரத்தமில்லாமக் கெடக்குறான். என் ரத்தத்த ரோட்டுல ஊத்தி ஒனக்கு என்ன கெடைக்கும்? குடுக்கிறவன் இருந்தா வா. வேன் நிக்குது."

ஓங்கிய பொல்லைக் கீழே விடத் தெரியாமல் அந்த அண்ணன் நின்ற நிலை எனக்கு இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. கடைசியில் தொழிற்சாலை வேனில் எட்டுப் பேர் ஏறினார்கள். மேடம் முன்சீட்டில், நெற்றியில் ஒரு துவாயைப் பிடித்தபடி. என்னைப் பூட்டிவைத்த சாவி அவர் பையிலேயே போய்விட்டது. பாரூக் பூட்டை வெட்டித்தான் என்னை வெளியே எடுத்தார். பூட்டை வெட்டியதற்காக மேடம் பாரூக்குக்கு இரண்டு வாரம் ஏசினார். "அடுத்தவன் பூட்ட நீ எப்பிடி வெட்டலாம்?"

விசாரணை வந்தது. நிமலின் கவனக்குறைவு என்று ஓர் அறிக்கையைக் கொம்பனி ஏற்கனவே தயாரித்து வைத்திருந்தது. இல்லாவிட்டால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கோப்பை மூடலாம் என்பது இரண்டாவது யோசனை. தோள் கட்டோடு வந்த மேடம் அந்த அறிக்கையை எடுத்துப் பல்லால் கடித்து ஒற்றைக் கையால் கிழித்தார். "எழுதுங்க. கம்பி போட்டது உற்பத்தி. அதப் பாத்தும் விட்டது, சுவிட்ச போட்டது சிவகுமார். கத்திக் கத்தி வேல செய்ய விட்டது நான். மூனு பேரையும் எழுதுங்க. இல்லாட்டி ஒரு ஆளையும் எழுதாதீங்க." கேட்டில் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னவர், எழுத்தில் எனக்காக ஒரு சொல்லைக்கூட மறைக்கவில்லை. மூன்று பெயரையும் எழுதினார்கள். எனக்கு மூன்று மாதம் பணி இடைநிறுத்தம், அவருக்கு எச்சரிக்கைக் கடிதம். என்னை வெளியேற்ற அவர் விடவில்லை.

நான் திரும்பி வந்த அன்று பிரிவின் சுவரில் ஒரு பலகை தொங்கியது. தமிழிலும் சிங்களத்திலும்: 'இங்கே சரி, ஹரி என்று சொல்லக் கூடாது.'

எல்லோருக்கும் ஆளுக்கொரு சிவப்பு ஆமைப்பூட்டு. சிங்களத்திலும் இந்தப் பூட்டுக்கும் ஆமைக்கும் 'இப்பா' என்று ஒரே பெயர்தான் என்பது மேடத்துக்குப் பெரிய மகிழ்ச்சி. "ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்ற ஒரு சாமான் கெடைச்சிருச்சு" என்றார். இயந்திரத்தில் கைவைக்கும் ஒவ்வொருவரும் தன் பூட்டை மெயின் சுவிட்சில் போட வேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் கரண்ட் போகாது. வேலை முடிந்ததும் பூட்டைக் கழற்றி, கையில் பிடித்துக்கொண்டு, தன் பெயரைச் சொல்லி, "ஆமை கையில" அல்லது "இப்பா அத்தே" என்று சொல்ல வேண்டும். கேள்வியும் கிடையாது, பதிலும் கிடையாது. ஒவ்வொருவனும் தன் பெயரைச் சொல்வான், கடைசியில் தலைவி தன் பெயரைச் சொல்வார். அதற்குப் பிறகுதான் பொத்தான்.

'சரி' சொல்லாமல் ஒருநாள் இருந்து பாருங்கள், தெரியும் கஷ்டம். மூச்சு விடுகிற மாதிரி வருகிற சொல். தப்பித்தவறிச் சொன்னவன் தலையில் மேடத்தின் கையில் எது இருக்கிறதோ அது விழும். பெரும்பாலும் டெஸ்டர், ஒருதடவை பாரூக்குக்கு ஸ்பானர். ஒருநாள் மேடமே போனில் தங்கச்சியிடம் "சரி சரி, வாங்கிட்டு வாறேன்" என்று சொல்லி மாட்டிக்கொண்டார். பிரிவே எழும்பி நின்றது. மேடம் தன் டெஸ்டரைப் பாரூக்கிடம் நீட்டித் தலையைக் குனிந்தார். பாரூக் பயந்து பயந்து இலேசாகத் தட்டினார். "இதெல்லாம் ஒரு அடியா?" என்று அதற்கும் ஏசினார்.

நிமல் ஒரு வருடம் கழித்து வந்தான். அவனைக் கட்டுப்பாட்டறையில் உட்காரவைக்க மேடம் எத்தனை பேரோடு சண்டை பிடித்தார் என்று சொன்னால் முடியாது. முதல்நாள் நான் அவன் முன்னால் போய் நின்றேன். அவன்தான் சிங்களத்தில் சொன்னான், "சிவா, நான் கேட்டேன். நீ அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டாய். நான் இதை ஆயிரம் தடவை யோசித்துவிட்டேன். இனி நீ யோசி, எனக்குக் களைப்பாக இருக்கிறது." கோபம் இருந்தது அவனுக்கு. இருக்கத்தானே வேண்டும். அது இல்லாமல் போக வருடங்கள் எடுத்தன. இன்றைக்கு அவன் மகளின் படிப்பைப் பற்றி முதலில் என்னிடம்தான் பேசுகிறான்.

ஆனால் ஒரு விடயம் மாறவில்லை. அன்றைக்குப் பிறகு நான் ஓர் இயந்திரத்தையும் தொடக்கியதில்லை. எல்லா வேலையும் செய்வேன், எல்லோரும் பெயர் சொன்ன பிறகு, "பாரூக், நீங்க போடுங்க" என்று தள்ளி நிற்பேன். மேடம் முதலில் விட்டுப் பார்த்தார். பிறகு ஒருநாள் என் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், என் விரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்து அழுத்தப் பார்த்தார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, அவரைத் தள்ளிவிட்டேன். உடைந்து பொருந்திய அந்தத் தோள்பட்டை சீமெந்துத் தரையில் மோத விழுந்தார். வலியில் முகம் வெளுத்தது. இப்போது நான்கு, ஐந்து, ஆறு வரும் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் எழும்பாமல் தரையிலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "வுடு. வர்ற அன்னைக்கு வரும்" என்றார். அடித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

எட்டு மாதத்துக்கு முன் புற்றுநோய் என்று தெரிந்தது. கடைசியாக ஆஸ்பத்திரி வாட்டில் பார்த்தபோது கை குச்சியாகியிருந்தது. தங்கச்சி மல்லிகா கட்டிலோரம் கதிரையில் இருந்தார். மேடத்தின் தலையணைக்குப் பக்கத்தில் அவருடைய சிவப்பு ஆமை கிடந்தது, பெயர் எழுதியது. "நர்சு கேக்குறா, இது என்னான்னு. சாமின்னு சொன்னேன்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"சிவா. மஹய்யாவ மயானத்துல எரிக்கிறதுக்கு இப்ப சுவிட்ச்தான். தெரியும்ல?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு மேடம்?"

"என்னோடத நீதான் போடணும்."

"என்னால ஏலாது மேடம்."

"போடு. இல்லாட்டி எழும்பி வந்து அறையுவேன். மல்லிகா, கேட்டுக்க." மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். நான் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பூட்டை எடுத்துத் துடைத்து மறுபடி அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை பிற்பகல் மயானத்தில், உறவினர் ஒருவர் குரலை உயர்த்தினார். இரத்த சொந்தம் இருக்க வெளியாள் ஒருத்தன் எப்படி நெருப்பு வைப்பது என்று. மல்லிகா திரும்பி, அக்காவின் அதே குரலில், "அக்கா சொன்னது அக்கா சொன்னதுதான். பேச்ச வுடுங்க" என்றார். அந்தக் குடும்பத்தில் அந்தக் குரல் இன்னும் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பெட்டியை உள்ளே தள்ளினார்கள். இரும்புக் கதவு இறங்கியது. சுவரில் ஒரு சின்னப் பெனல், அதில் ஒரு பச்சைப் பொத்தான். நாங்கள் பதினொரு வருடமாகப் பார்த்த அதே மாதிரிப் பொத்தான். என்னை அதற்கு முன்னால் நிறுத்தினார்கள். விரலைப் பொத்தானில் வைத்தேன். மயான ஊழியர், வயதான சிங்களவர், எங்களைப் பார்த்துக் கேட்டார்:

"ஹரித?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பிரிவு முழுதும் அங்கே நின்றது. நிமல் வெள்ளை உடுத்து நின்றான், பாரூக் தொப்பி போட்டு நின்றார். அந்த மனிதருக்கு விளங்கவில்லை. எங்களுக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்திருப்பார், தமிழில் கேட்டார், "சரியா?"

என் பின்னால் ஏதோ இரும்பு உரசும் சத்தம் கேட்டது. நிமல் இடது கையைச் சட்டைப்பையில் விட்டு எதையோ எடுத்து உயர்த்தினான்.

"நிமல். இப்பா அத்தே."

"பாரூக். ஆமை கையில."

யாரும் பேசிவைத்துக்கொண்டு கொண்டுவரவில்லை. எல்லோர் பையிலும் இருந்தது. ஒவ்வொரு பெயராக வந்தது, அழுதுகொண்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டும். கடைசியில் நான் என்னுடையதை எடுத்தேன். "சிவகுமார். ஆமை கையில."

பிறகு நாங்கள் காத்திருந்தோம். எதற்கு என்று கேட்டால், பழக்கம்தான். கடைசியாகத் தலைவி தன் பெயரைச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் பொத்தான். அந்தக் குரல் வரும் என்று காத்து நின்றோம். அது வராது என்று விளங்கியபோது பாரூக் விம்மத் தொடங்கினார். நான் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஒரு பூட்டு பாக்கி இருக்கும்போது எப்படிப் போடுவது?

மல்லிகா கைப்பையைத் திறந்தார். உள்ளே தேடி எடுத்து, அந்தச் சிவப்புப் பூட்டை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்து, எங்கள் பிரிவில் ஒருநாளும் வேலை செய்யாத அந்தப் பெண் உரக்கச் சொன்னார்:

"கலைச்செல்வி. ஆமை கையில."

அமுக்கினேன்.

உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்தே நான் போட்ட சுவிட்ச் அது ஒன்றுதான், மேடம். போட்டுவிட்டேன். எழும்பி வர வேண்டாம். அமுக்கிய விரல் என்னுடையது, அதை நான் யார் மேலும் போடவில்லை. நீங்கள் போங்கள், மற்ற எல்லோரும் வெளியே நிற்கிறோம். பத்துப் பேரும் வெளியே நிற்கிறோம்.